ஸ்டீவன் ஸ்மேலின் லாடம்

(திரையில்: ஒரு சதுரம் மெல்ல உயரமாக நீள்கிறது)

இந்தச் சதுரத்தை மேலும் கீழுமாக இழுத்து நீட்டுகிறோம், பக்கவாட்டில் ஒடுக்குகிறோம். கிடைத்த பட்டையைக் குதிரை லாடமாக வளைத்து, பழைய சதுரத்தின் மீதே வைக்கிறோம். லாடத்தின் இரண்டு கால்களும் சதுரத்துக்குள் விழுகின்றன; வளைவு வெளியே நிற்கிறது. மறுபடி செய்தால் நான்கு பட்டைகள். பிறகு எட்டு, பதினாறு.

எத்தனை முறை செய்தாலும் சதுரத்தை விட்டு வெளியேறாத புள்ளிகள் உண்டு. அப்படி ஒரு புள்ளியைப் பின்தொடருங்கள். ஒவ்வொரு அடியிலும் அது இடது காலில் இருக்கிறதா, வலது காலில் இருக்கிறதா என்று எழுதிக்கொண்டே வாருங்கள்.

(திரையில்: இடது, வலது, வலது, இடது…)

இப்போது ஒரு நாணயத்தைச் சுண்டுங்கள். பூவுக்கு இடது, தலைக்கு வலது. எப்படி விழுந்தாலும் சரி, அந்த வரிசையை அடி பிசகாமல் பின்பற்றும் புள்ளி இந்தச் சதுரத்தில் நிச்சயம் இருக்கிறது! பத்தே அடிகளில் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேரும் புள்ளிகள் மட்டும் 1024. நீட்டி மடிக்கும் இந்த விதியில் தற்செயலுக்கு இடமே இல்லை. அதிலிருந்து நாணயம் சுண்டியதைப் போன்ற நடத்தை பிறக்கிறது. விதியைச் சிறிது அசைத்துப் பாருங்கள். இந்தக் குழப்பம் கலையாது.

(திரையில்: ரியோ டி ஜெனிரோ, 1960)

இதைக் கண்டுபிடித்த அமெரிக்கர் ஸ்டீவன் ஸ்மேலுக்கு அப்போது முப்பது வயதுகூட நிரம்பவில்லை. பிரேசிலின் இம்பா கணித நிறுவனத்துக்கு வந்திருந்தார். காலையில் குறிப்பேட்டுடன் கடற்கரை. பிற்பகலில் இம்பாவில் பிரேசில் கணிதர் பெய்ஷோட்டோ போன்றோருடன் விவாதம். இதற்குச் சற்று முன்புதான் அவர் ஒரு கருத்தை முன்வைத்திருந்தார்: பெரும்பாலான இயக்க அமைப்புகளில், அதாவது ஒரு விதிப்படி காலத்தோடு மாறிக்கொண்டே போகும் அமைப்புகளில், மீண்டும் மீண்டும் சுழலும் பாதைகள் எண்ணிக்கைக்கு அடங்கியவையே. ரியோவுக்கு அமெரிக்கக் கணிதர் நார்மன் லெவின்சனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. எண்ணிக்கைக்கு அடங்காத சுழல் பாதைகள் கொண்ட ஒரு சமன்பாட்டை அது சுட்டிக்காட்டியது. மின்சுற்று அலைவுகளை ஆராய்ந்த பிரிட்டிஷ் கணிதர்கள் கார்ட்ரைட், லிட்டில்வுட் இருவரின் உழைப்பில் வேர்கொண்ட சமன்பாடு அது. கனத்த சூத்திரங்கள். ஸ்மேல் அவற்றோடு மல்லுக்கட்டி, ஒரு படமாகப் புரிந்துகொள்ளும் வரை விடவில்லை. அந்தப் படமே லாடம்.

(திரையில்: உள்வெளியாகப் புரளும் கோளம்)

வடிவங்களைப் படமாகக் காணும் இந்தப் பழக்கம் இடத்தியலில் வந்தது; நீட்டினாலும் வளைத்தாலும் மாறாத பண்புகளை ஆராயும் கணிதம் அது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரவுல் பாட்டின் மாணவராக 1957இல் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்து அவர் நிறுவிய ஒரு முடிவை ஆசிரியரே முதலில் ஏற்கவில்லை: கோளத்தின் பரப்பு தன்னையே ஊடுருவலாம் என்றால், கிழியாமலும் கூர்மடிப்பு விழாமலும் அதை உள்வெளியாகத் திருப்பிவிடலாம். முடியும் என்பது நிறுவப்பட்ட பின்னரும், எப்படி என்று காட்டப் பல ஆண்டுகள் பிடித்தன. அதில் பெரும்பங்கு ஆற்றியவர் பார்வையற்ற பிரெஞ்சுக் கணிதர் பெர்னார் மொரின்.

ஸ்மேலின் வாழ்க்கையைச் சொல்பவர்கள் இடத்தியலை ஒரு காலகட்டமாகவும் இயக்க அமைப்புகளை இன்னொன்றாகவும் பிரித்துவிடுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. அதே 1960இல், அதே ரியோவில், ஐந்தும் அதற்கு மேலும் பரிமாணம் கொண்ட வெளிகளுக்குப் பாயின்காரே கருதுகோளை அவர் நிறுவினார். எவ்வகை ஓட்டையும் இல்லாத மூடிய வடிவம் கோளமே என்பது அந்தக் கருதுகோள். எப்படி? வடிவத்தின் மீது சரிவை நோக்கிப் பாயும் ஓட்டம் ஒன்றை வைத்தார். ஓட்டம் நிலைத்து நிற்கும் புள்ளிகளை ஒன்றோடொன்று மோதவிட்டு, இணை இணையாக நீக்கினார். மிஞ்சியது ஒரு கோளம். இடத்தியலின் மாபெரும் கேள்விக்கு விடை இயக்கத்தின் வழியாகவே வந்தது.

1966இல், கணிதத்தின் உயரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம். அதற்காக மாஸ்கோ சென்றவர், பல்கலைக்கழகப் படிக்கட்டுகளில் நின்று வியட்நாம் போரைக் கண்டித்தார். ஹங்கேரியில் சோவியத் படைகள் நுழைந்ததையும் கண்டித்தார். இரு அரசுகளுக்கும் அது கசந்தது. கடற்கரையில் கணிதம் செய்ய வரிப்பணமா என்ற ஏளனம் வாஷிங்டனிலிருந்து பிறகு கிளம்பியது. அந்தக் கடற்கரை மாதங்களில் விளைந்ததைத்தான் இதுவரை பார்த்தோம்.

(திரையில்: இரு சிறகுகள் கொண்ட லோரென்ஸ் வளைகோடு)

1998இல், அடுத்த நூற்றாண்டுக்கென 18 கேள்விகளை ஸ்மேல் பட்டியலிட்டார். பதினான்காவது, வானிலை ஆய்வாளர் லோரென்ஸ் 1963இல் எழுதிய மூன்று சமன்பாடுகளைப் பற்றியது. கணினித் திரையில் தெரியும் குழப்பம் உண்மையா, கணக்கீட்டுப் பிழையா? உப்சாலாவில் ஆய்வு மாணவராக இருந்த வார்விக் டக்கர், ஒவ்வொரு அடியிலும் பிழையின் எல்லையையும் சேர்த்தே கணினியில் கணக்கிட்டு, அது உண்மையே என்று சில ஆண்டுகளுக்குள் நிறுவிவிட்டார்.