அறையில் எத்தனை பேர்?

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்கப் பாடகி ஆனி டிஃபிராங்கோவின் இசைத்தொகுப்புகளை ஆண்டு வரிசையில் கேட்கும்போது, வரிகளோடு இன்னொன்றையும் கவனியுங்கள்: ஒலிப்பதிவு அறையில் எத்தனை பேர் இருந்தார்கள்?

நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ அவருடைய ஊர். 1990-இல் வந்த முதல் தொகுப்பில் ஒரு குரல், ஒரு அக்கூஸ்டிக் கிட்டார், அவ்வளவுதான். வெளியிட்டது அவரே தொடங்கிய ரைட்டியஸ் பேப் ரெக்கார்ட்ஸ் என்ற இசைக் கம்பெனி.

அந்தக் கிட்டார் பாதி மேளம். ஒட்டுநகம் பெயராமலிருக்க விரலில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொண்டு சுண்டுவார். கம்பி ஃபிரெட்டில், அதாவது கிட்டாரின் கழுத்தில் பதித்த உலோகப் பட்டையில், மோதித் தெறிக்கும். இப்படி வாசிப்பதைப் பதிவது கடினம். மைக்கை ஒலித்துளைக்கு நேரே வைத்தால் அடித்தொனி குமுறிப் பாட்டை அமுக்கிவிடும். பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு எதிரே ஒரு சாண் தள்ளி வைத்தால் சுண்டலும் மரத்தின் ஒலியும் சேர்ந்து கிடைக்கும். ஒலியை வாங்கும் அளவான லெவலை மென்மையான பகுதிக்கு ஏற்ப வைத்துவிட்டால், அடுத்த தெறிப்பில் அலையின் உச்சி வெட்டுப்பட்டுக் கரகரக்கும். இதைத்தான் கிளிப் என்கிறோம். 1997-இல் வந்த அவருடைய மேடைப் பதிவுக்கு 'லிவிங் இன் கிளிப்' என்றே பெயர்.

பிறகு டிரம்ஸ் வந்தது, பேஸ் வந்தது, காற்றுக்கருவிகள் வந்தன. 2003-இன் 'எவால்வ்' முழுக் குழுவின் வாசிப்பு. அதற்குக் கிடைத்த கிராமி விருது உறை வடிவமைப்புக்குத்தான். அந்தக் குழுவின் வாசிப்புக்கும் ஒன்று கிடைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அடுத்த ஆண்டே அறை காலி. 'எஜுகேட்டட் கெஸ்' தொகுப்பில் வாசித்தது, பாடியது, பதிந்தது, கலந்தது எல்லாம் அவர் ஒருவரே. பதிந்தது எட்டுத் தடச் சுருள் நாடாவில். தடம் என்பது நாடாவில் ஒலியைத் தனியாகப் பதியும் ஒரு பாதை. எட்டுத் தடம் என்பது சீக்கிரம் தீர்ந்துவிடும். கிட்டாருக்கு இரண்டு, பேஸுக்கு ஒன்று, முதன்மைக் குரலுக்கு ஒன்று போனால், துணைக்குரல்களுக்கு மிஞ்சுவது நான்கு. இன்னும் வேண்டுமென்றால் மூன்று குரல்களை ஒரே தடத்தில் கலந்து இறக்கி, பழைய தடங்களை அழித்துப் பதியவேண்டும். இறக்கும் ஒவ்வொரு முறையும் நாடாவின் இரைச்சல் ஏறும். கலவையில் ஒரு குரல் தூக்கலாகிவிட்டால் பின்னால் திருத்த வழியே இல்லை. கம்பெனி அவருடையது என்பதால், "குழுவை ஏன் விட்டாய்" என்று கேட்டு மறிக்க மேலிடம் ஒன்றும் இல்லை.

2005-இன் 'நக்கிள் டவுன்' தொகுப்பில் ஜோ ஹென்றி இணைத் தயாரிப்பாளராக வந்தார். அறைக்கதவு மறுபடி திறந்தது.

இன்றிரவு 2003-ஐயும் 2004-ஐயும் ஹெட்ஃபோனில் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டாவதில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய குரல்கள் வரும் இடத்தில் ஒலியைக் கொஞ்சம் கூட்டுங்கள். அத்தனையும் ஒரே தொண்டை.