நம் கூரை புறப்பட்ட ஊர்: ரஷ்யாவின் அஸ்பெஸ்ட்

[திரையில்: மழையில் நனையும் ஷீட் கூரை]

இந்தக் கூரையைத் தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார்கள். மாட்டுக்கொட்டகை, டீக்கடை, மொட்டை மாடியில் வாடகைக்கு விட்ட ஒற்றை அறை என்று எங்கே பார்த்தாலும் இதுதான். வெயில் காலத்தில் உள்ளே வேகும், மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. ஆனாலும் விலை குறைவு, ஒரே நாளில் வேலை முடிந்துவிடும்.

ஷீட் உடைந்த ஓரத்தைப் பார்த்தால் சாம்பல் நிறச் சிமெண்டுக்குள்ளிருந்து முடி போல மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். (பார்த்தால் போதும், ஊதிப் பார்க்க வேண்டாம்.) அந்த இழைதான் ஆஸ்பெஸ்டாஸ். ஷீட்டின் எடையில் அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். மீதியெல்லாம் சிமெண்டும் சாம்பலும். ஆனால் அந்த ஒரு பங்கு இல்லையென்றால் ஷீட் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும்.

உலகத்திலேயே ஆஸ்பெஸ்டாஸை அதிகமாக வாங்கும் நாடு இந்தியா. ஆண்டுக்கு மூன்று லட்சம் டன்னுக்கு மேல் வாங்குகிறோம். அதில் பெரும்பங்கு ரஷ்யாவிலிருந்து வருகிறது. அங்கே யூரல் மலைப் பகுதியில், யெக்கதெரின்பர்க் நகரத்துக்கு வடகிழக்கே எண்பது கிலோமீட்டர் தாண்டினால் ஓர் ஊர் வரும். அதன் பெயர் அஸ்பெஸ்ட். ரஷ்ய மொழியில் ஆஸ்பெஸ்டாஸுக்கு அதுதான் சொல். நெய்வேலிக்கு ‘நிலக்கரி’ என்றே பெயர் வைத்த மாதிரி.

[திரையில்: வானிலிருந்து எடுத்த சுரங்கப் படம்]

ஊரை ஒட்டியே இந்தப் பள்ளம். நீளம் சுமார் 11 கிலோமீட்டர், அகலம் இரண்டு கிலோமீட்டரை நெருங்கும், ஆழம் 300 மீட்டருக்கு மேல். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு அடுக்கி உள்ளே நிறுத்தினாலும் கலசம் மேலே தெரியாது. பள்ளத்துக்குள் படிப்படியாகத் தண்டவாளம் இறங்குகிறது. மின்சார ரயில்கள் உள்ளே போய்ப் பாறையை ஏற்றிக்கொண்டு வருகின்றன. சுரங்கத்துக்குள் ரயில் விட்டிருக்கிறார்கள் என்று கேட்டபோது முதலில் நான் நம்பவில்லை. ஆனால் நூறு ஆண்டுக்கும் மேலாகத் தோண்டிய குழிக்கு லாரி மட்டும் போதாதுதான்.

சரி, இது எப்படித் தொடங்கியது?

1885-ல் லதிஷென்ஸ்கி என்ற நில அளவையாளர் இந்தக் காட்டில் இந்தக் கனிமப் படிவத்தைக் கண்டார். பாறை இங்கே, பெயர் மட்டும் ரயில் நிலையத்திலிருந்து வந்தது: பழேனவோ என்ற நிலையத்தை வைத்து ‘பழேனவ் படிவம்’ என்றார்கள். 1889-ல் வெட்டத் தொடங்கினார்கள். அப்போது இயந்திரம் ஏது? சுத்தியலால் பாறையைத் தட்டி, நாரைக் கையால் பிரித்தெடுத்தார்கள்.

அந்த நார் பாறைக்குள் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊரின் கணக்கு வழக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது. கரும்பச்சை நிறப் பாறை. அதன் குறுக்கே பட்டுத்துணி மாதிரி மினுங்கும் கோடுகள் ஓடும். அந்தக் கோட்டை நகத்தால் சுரண்டினால் கல் பஞ்சாகிவிடும். உண்மையிலேயே பஞ்சுதான், திரிக்கலாம், நெய்யலாம், நெருப்பில் போட்டால் எரியாது. இழைகள் கோட்டின் நீளவாக்கில் ஓடுவதில்லை, குறுக்கே நிற்கின்றன. அதனால் கோடு எவ்வளவு அகலமோ இழை அவ்வளவு நீளம். நீள இழைக்கு விலை அதிகம், தீயணைப்பு உடைக்கும் நெருப்புத் தாங்கும் துணிக்கும் போனது. குட்டை இழை சிமெண்டுக்கு. நம் கூரைக்கு வருவது இந்தக் குட்டைதான்.

தமிழில் இதற்குக் ‘கல்நார்’ என்ற சொல் இருக்கிறது. ரஷ்யர்கள் ‘மலை ஆளி’ என்றார்கள், அதாவது ஆளிச் செடியிலிருந்து எடுக்கும் நார் மலையில் கிடைத்தது போல. அஸ்பெஸ்ட் ஊரின் பழைய பெயரே ‘குதெல்கா’. நூற்பதற்காகச் சீவி வைத்த நார்ச்சுருளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. யூரலில் சுரங்கங்களை ஆண்ட டெமிடோவ் குடும்பத்தார் கல்நாரில் நெய்த மேசைவிரிப்பைப் பீட்டர் மன்னருக்குக் கொடுத்து, அதை நெருப்பில் போட்டு எடுத்துக் காட்டினார்கள் என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். அதெல்லாம் வேடிக்கைப் பொருளாக இருந்த காலம். நீராவி இயந்திரம் வந்த பிறகுதான் வியாபாரம் சூடுபிடித்தது. கொதிகலன், குழாய், அடைப்பு எல்லாவற்றுக்கும் சூடு தாங்கும் பொருள் தேவைப்பட்டது.

புரட்சிக்குப் பிறகு சுரங்கங்கள் அரசின் கைக்குப் போயின. 1920களின் தொடக்கத்தில் அவற்றையெல்லாம் சேர்த்து ‘யூரல்அஸ்பெஸ்ட்’ உருவானது. 1933-ல் ஊருக்கு நகரத் தகுதி கிடைத்தது. அப்புறம் சோவியத் ஒன்றியம் வீடு கட்டிய வேகத்துக்குக் கூரையும் குழாயும் வேண்டுமே. 1980களில் அந்த நாடு ஆண்டுக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் எடுத்தது. கஜகஸ்தானிலும் பெரிய சுரங்கம் இருந்தது, ஆனால் பெயரும் பெருமையும் இந்த ஊருக்கு.

சுரங்கம் என்றால் வேலை மட்டுமா? இப்படிப்பட்ட ஊர்களை ரஷ்யர்கள் ‘மோனோகோரத்’ என்பார்கள். ஒரே தொழிலை நம்பி நிற்கும் ஊர். அரசாங்கமே இதற்கென ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அதில் அஸ்பெஸ்டும் உண்டு. இத்தகைய ஊர்களில் வீடு, மருத்துவமனை, மழலையர் பள்ளி, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் வெந்நீர் எல்லாம் ஆலையைச் சுற்றியே வளர்ந்தவை. பக்கத்து ஊர்களுக்கு வேறு பிழைப்பு கிடைத்தது. மலீஷெவாவில் மரகதம், ரெஃப்தின்ஸ்கியில் பெரிய அனல் மின் நிலையம். அஸ்பெஸ்டுக்குக் கல்நார்தான்.

[திரையில்: நகரக் கொடி]

கொடியைப் பாருங்கள். நெருப்பு வளையத்துக்குள் வெள்ளை இழைகள் நுழைந்து போகின்றன. ஊர் எல்லையில் ‘அஸ்பெஸ்ட், என் ஊர், என் விதி’ என்று எழுதி வைத்திருந்தார்கள். எழுதியவர் பெருமையாகத்தான் எழுதியிருப்பார். படிக்கிற நமக்குத்தான் வேறு மாதிரி கேட்கிறது.

ஏனென்றால் அந்த இழை நுரையீரலுக்குள் போனால் எளிதில் வெளியே வராது. நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் மீசோதெலியோமா, மூச்சை இறுக்கும் ஆஸ்பெஸ்டோசிஸ். தூசியைச் சுவாசித்து இருபது, முப்பது, நாற்பது ஆண்டு கழித்துத்தான் நோய் தெரியும். அதனால்தான் இவ்வளவு காலம் வாதாட முடிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2005-ல் முழுத் தடையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

ரஷ்யத் தரப்பின் வாதம் இது: ஆஸ்பெஸ்டாஸில் பல வகை உண்டு, எங்களுடையது கிரைசோடைல், இதன் இழை வளைந்தது, உடலுக்குள் கரைந்துவிடும், கெட்ட பெயரெல்லாம் நீல வகை சம்பாதித்தது. பாதுகாப்பாகக் கையாண்டால் போதும். இதில் ஒரு பாதி உண்மை உண்டு, நீல வகை இன்னும் கொடியதுதான். ஆனால் உலக சுகாதார நிறுவனம் எல்லா வகையும் புற்றுநோய் தரும் என்றே சொல்கிறது. அதன் புற்றுநோய் ஆய்வு முகமை ரஷ்ய ஆய்வாளர்களோடு சேர்ந்து இதே அஸ்பெஸ்ட் ஊரின் சுரங்க, ஆலைத் தொழிலாளர்கள் 30,000 பேருக்கு மேல் எடுத்து, 1976 முதல் 2015 வரையிலான இறப்புகளைப் பார்த்தது. முடிவு 2024-ல் வந்தது. தூசி ஏற ஏற நுரையீரல் புற்றுநோய் இறப்பும் ஏறுகிறது.

‘பாதுகாப்பாகக் கையாளுதல்’ என்பது எனக்கு ஒப்பவில்லை, அதற்குக் காரணம் ஆலை அல்ல. ஆலையில் உறிஞ்சும் விசிறி, வடிகட்டி, முகமூடி எல்லாம் வைத்துவிடலாம். நம் ஊரில் கொக்கி மாட்டுவதற்காக ஷீட்டில் துளை போடுகிற கொத்தனாருக்கு என்ன இருக்கிறது? தோளில் கிடக்கும் துண்டு.

இந்த வாதம் 2018-ல் ஒரு விசித்திரமான இடத்துக்குப் போனது. யூரல்அஸ்பெஸ்ட் நிறுவனம் தன் மூட்டைகளின் படத்தை வெளியிட்டது. அவற்றின்மேல் சிவப்பு முத்திரை, நடுவில் டொனால்ட் டிரம்பின் முகம், ‘அமெரிக்காவின் 45-வது அதிபர் டொனால்ட் டிரம்ப் ஒப்புதல் அளித்தது’ என்ற வாசகம். சிரிப்பாக இருக்கிறது, ஆனால் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுபோகும்போது ஒரு நிறுவனம் எதையெல்லாம் பிடித்துக்கொள்ளும் என்பது அதில் தெரிகிறது. அமெரிக்கா 2024-ல் கிரைசோடைலுக்கும் தடை விதித்தது.

ஊர் வேறு வழி பார்க்காமல் இல்லை. வெட்டும் பாறையில் நார் நூற்றுக்குச் சில பங்குதான். பாறையை உடைத்து, உலர்த்தி, காற்றால் உறிஞ்சி நாரை எடுத்த பிறகு மலைமலையாகக் கல் மிஞ்சுகிறது. அந்த ஜல்லியைத் தண்டவாளத்துக்கு அடியில் போடவும் சாலைக்கும் விற்கிறார்கள். பாறையை உருக்கி இழையாக்கிச் செய்யும், ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத கல் கம்பளியும் ஊரில் தயாராகிறது. இருந்தாலும் சுரங்கம் நின்றால் இவை எத்தனை பேருக்குச் சோறு போடும்? சன்னலோரத்தில் படியும் தூசியைத் துடைத்துக்கொண்டே, ஆலையை மூடாதே என்று கேட்கிறவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கனடாவின் கியூபெக்கிலும் இதே மாதிரி ஓர் ஊர் இருந்தது, பெயர் ஆஸ்பெஸ்டாஸ். 2020-ல் மக்கள் வாக்களித்துப் பெயரை வால்-தே-சூர்ஸ் என்று மாற்றிக்கொண்டார்கள். அவர்களுடைய சுரங்கம் அதற்குப் பல ஆண்டு முன்பே நின்றுவிட்டது.

[திரையில்: பள்ளத்தின் அடியில் ரயில், மேலே தூரத்தில் குடியிருப்புகள்]

அஸ்பெஸ்டில் ரயில் இன்னும் இறங்கி ஏறுகிறது. பாறைக்குள் இன்னும் நூறு ஆண்டுக்கு மேல் எடுக்க நார் இருக்கிறது என்கிறது நிறுவனம். ஊரில் 1989-ல் 80,000 பேருக்கு மேல் இருந்தார்கள். இப்போது 60,000-ஐ எட்டுவதே பாடாக இருக்கிறது.