கெட்டிலில் வேகாத பருப்பு

வணக்கம் நேயர்களே. நான் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பனில். கிடங்குக் கணக்கு மென்பொருளைக் கம்பெனிகளில் நிறுவிக் கொடுப்பது என் பிழைப்பு. அதனால் வருஷத்தில் பாதி, ஜோகன்னஸ்பர்க்கில் ஓட்டல் அறையில் கழிகிறது. முதல் தடவை இதைச் சொன்னபோது திருநெல்வேலியில் இருக்கும் என் அம்மா, "ஓட்டல்லயா? அப்போ சாப்பாட்டுக்குக் கவலை இல்லை" என்றார்கள். அங்கே ஓட்டல் என்றால் இலை போடும் இடம். இங்கே படுக்கை போடும் இடம்.

நான் தங்குவது நடுத்தர ஓட்டல். ஊர் ஊருக்குக் கிளை. எந்தக் கிளைக்குப் போனாலும் அதே திரை, அதே மேசை விளக்கு, சுவரில் அதே வரிக்குதிரைப் படம். காலையில் முட்டை, பீன்ஸ், சோளக்களி எல்லாம் உண்டு. ராத்திரிக்கு? மூன்று நாள் என்றால் வெளியே சாப்பிட்டுச் சமாளிக்கலாம். எட்டு வாரம் என்றால் வயிறும் பர்ஸும் ஒன்றாகக் கையை விரித்துவிடும். அப்போதுதான் கண், அறையில் வெந்நீர் போட வைத்திருக்கும் மின்சாரக் கெட்டில் பக்கம் போகும்.

இப்படி ஓட்டலில் தங்கிய நேயர்களுக்குத் தெரியும். டீத்தூள் பை, ரூயிபோஸ் என்ற மூலிகை டீப் பை, சர்க்கரைப் பொட்டலம், நடுவில் கெட்டில். முதல் வாரமே அதில் துவரம்பருப்பைப் போட்டேன். மூடியை மூடினால், கொதித்ததும் ஆவி பட்டு ஒரு சின்னத் தகடு வளைந்து, 'டக்' என்று சுவிட்ச் விழுந்துவிடும். திறந்து வைத்தால் விழாது. சரி என்று திறந்தே வைத்தேன். அரை மணி, முக்கால் மணி... பருப்பு கூழாங்கல் மாதிரி அப்படியே கிடந்தது. நுரை மட்டும் பொங்கி மேசையெல்லாம் ஓடியது. ஆவி மேலே போய்ப் புகை மணி அலறியது. ஓடி வந்த வரவேற்பறை அம்மாள் கெட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார். "பாபா, நாளைக்கு இதில் இன்னொருவர் டீ போட வேண்டாமா?" என்றார். அவ்வளவுதான், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பருப்பு ஏன் வேகவில்லை என்று பிறகுதான் புரிந்தது. ஜோகன்னஸ்பர்க் கடலுக்கு மேலே 1,700 மீட்டருக்கும் அதிக உயரம். அங்கே காற்றின் அழுத்தம் குறைவு. தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். டர்பனில் கடற்கரை, அதனால் 100. குக்கரில் அழுத்தம் கூடுவதால் வீட்டில் இது தெரிவதில்லை. திறந்த கெட்டிலில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் 94-தான்.

இப்போது என் வழி வேறு. வாய் அகன்ற பிளாஸ்க் ஒன்று. படுக்கும் முன் அதில் ஒரு கைப்பிடி நொய், உப்பு, கொதிநீர். இறுக்கி மூடி வைத்தால் காலையில் கஞ்சி. கெட்டிலில் தண்ணீரைத் தவிர எதுவும் விழக் கூடாது. மறுபடி சொல்கிறேன், தண்ணீர் மட்டும். ராத்திரிக்கு அவலும் ஊறுகாயும்.

இதை ஒரு பெருமையாகப் பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நாங்க ஜோபர்க் போனா சாப்பாட்டு மூட்டையோடதான் போவோம். லெனேசியாவில சொந்தக்காரர் வீட்டுலதான் படுப்போம். ஓட்டல்ல யார் விடுவா?" என்றார். லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய குடியிருப்பு. இன வாரியாகப் பொது இடங்களைப் பிரித்த 1953-ஆம் வருஷச் சட்டம் 1990-இல்தான் ரத்தாயிற்று. அதற்கும் முன்னால், 1893-இல், ஜோகன்னஸ்பர்க்கில் அறை கேட்ட காந்தியிடம், இடம் இல்லை என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பினார்கள். பிறகு பிரிட்டோரியாவில் ஓர் ஓட்டல்காரர் இடம் கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு: சாப்பாடு அறைக்குள்ளேயே. மற்றவர்களைக் கேட்டு, அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று தெரிந்த பின்தான் கூடத்துக்கு அழைத்தார். நான் சிக்கனத்துக்காக அறையில் கஞ்சி குடிக்கிறேன். தாத்தாவிடம் பிளாஸ்க் கதையைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தான் பாக்கி. மின்வெட்டு, லாண்டரி, வாடகை என்று மூன்று விஷயம் எழுதி வந்தேன். மின்வெட்டு உங்களுக்கே தெரியும், விடுங்கள். லாண்டரியில் ஒவ்வொரு சட்டைக்கும் தனிக் காசு, ஆகையால் கை கழுவும் தொட்டியிலேயே அலசுங்கள். ஜூன், ஜூலையில் ஜோகன்னஸ்பர்க் மேட்டு நிலக் காற்று வறண்டது. ராத்திரி தொங்கவிட்டால் காலையில் காய்ந்திருக்கும், டர்பனில் நடக்காத காரியம். அப்புறம் வாடகை: அலுவலகப் பகுதி ஓட்டல்கள் வெள்ளிக்கிழமையே காலியாகிவிடும், சனி, ஞாயிறுக்குத் தனி விலை கேளுங்கள். மேசையில்... சரி, ஒரு விரல்தான் தெரிகிறது. வணக்கம்.