ரிமோட் நம் கையில். கேபிள் யார் கையில்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஊடகத்தை ஆள்வது மக்களின் ரசனையா, முதலாளியின் பணமா என்ற கேள்விக்குப் பணமே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், ரிமோட் நம் கையில் இருக்கும்போது முதலாளியால் என்ன செய்துவிட முடியும் என்று கேட்டுக் கைத்தட்டலும் வாங்கிச் சென்றார்.

ரிமோட் நம் கையில்தான் இருக்கிறது. கேபிள் யார் கையில் இருக்கிறது? 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோது, தமிழில் அதிகம் பேர் பார்த்துவந்த சன் குழுமச் சேனல்கள் அதில் தொடக்கத்தில் இடம்பெறவில்லை. ஒரே இரவில் மக்களின் ரசனையா மாறிவிட்டது?

என்டிடிவி செய்தித் தொலைக்காட்சியின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அதன் நிறுவனர்களான பிரணாய் ராய், ராதிகா ராய் இருவரும், தங்கள் பங்குகளை வைத்திருந்த ஆர்ஆர்பிஆர் நிறுவனத்தின் பெயரில், வெளியுலகம் அதிகம் அறியாத விஷ்வபிரதான் கமர்ஷியல் என்ற நிறுவனத்திடம் 2009இல் தொடங்கி 400 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கினார்கள். கொடுத்தவர் விரும்பினால் ஆர்ஆர்பிஆரின் பங்குகளையே எடுத்துக்கொள்ளலாம் என்பது ஒப்பந்தம். 2022 ஆகஸ்டில் அதானி குழுமம் முதலில் வாங்கியது தொலைக்காட்சியை அல்ல, கடன் கொடுத்த அந்த நிறுவனத்தை. ஒப்பந்த உரிமையைப் பயன்படுத்தியதும் என்டிடிவியின் 29.18 விழுக்காடு பங்கு கைமாறியது. நவம்பர் இறுதியில் ராய் தம்பதியர் ஆர்ஆர்பிஆரின் இயக்குநர் பொறுப்பிலிருந்து விலக, மறுநாளே அங்கே இந்தியில் செய்தி நிகழ்ச்சி நடத்திவந்த செய்தியாளர் ரவீஷ் குமாரும் வெளியேறினார். இதில் எந்தக் கட்டத்திலாவது பார்வையாளரின் ரசனையை யாரேனும் விசாரித்தார்களா?

செய்தி ஆசிரியரைக் கூப்பிட்டு மிரட்டினால்தான் தலையீடு என்று எதிரணியினர் நினைக்கிறார்கள். துறைமுகமும் விமான நிலையமும் மின்நிலையமும் நடத்தும் குழுமமே சம்பளமும் கொடுக்கும்போது, அவற்றைப் பற்றி எவ்வளவு தூரம் தோண்டலாம் என்று செய்தியாளர் தாமே கணக்குப் போட்டுக்கொள்வார். அதற்கு யாரும் ஆணையிட வேண்டியதில்லை.

ரவீஷ் குமார்தான் யூடியூபில் பேசுகிறாரே என்பார்கள். பேசுகிறார்; அதில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அந்தத் தளம் கூகுளுக்குச் சொந்தம். வழக்கமான காணொளிகளின் விளம்பர வருவாயில் 45 விழுக்காட்டை எடுத்துக்கொள்வதும், எந்தக் காணொளியை யாருக்குப் பரிந்துரைப்பது என்று முடிவு செய்வதும் அதே நிறுவனம்தான். அங்கே ரிமோட் எங்கே இருக்கிறது என்பதை அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் விளக்கட்டும்.