உலைக்கு முன் ஒரு பிடி

அன்பான நேயர்களே, வணக்கம். அடுப்படியில் நின்றபடி கேட்பவர்களுக்கு இன்றைய பேச்சு இன்னும் பொருத்தம். கைப்பிடி அரிசிக் காணிக்கையைப் பற்றிப் பேசப்போகிறேன்.

மிசோரமில் பிரெஸ்பிட்டேரியன் என்ற கிறிஸ்தவ சபைப் பெண்கள் 1910-இல் இதைத் தொடங்கினார்கள். கையில் காசு இல்லாத காலம். ஒவ்வொரு வேளையும் சமைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். அதைச் சேர்த்து விற்ற பணம் ஊழியத்துக்குப் போனது. இன்றும் அங்கே இந்த வழக்கம் இருக்கிறது.

முறை எளிது. வழக்கமாக எடுக்கும் அரிசியை அளந்துகொள்ளுங்கள். களைவதற்கு முன்பே, அளந்த அந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். மூட்டையிலிருந்து தனியாக ஒரு பிடி எடுத்தால் வீட்டில் யாருக்கும் எதுவும் குறையாது. அன்றைய சோற்றில் ஒரு கவளம் குறைய வேண்டும், அதுதான் காணிக்கை. வேதாகமத்தில் வரும் சாறிபாத் ஊர் விதவையை நினைத்துப் பாருங்கள். பானையில் இருந்தது ஒரு பிடி மாவு. தீர்க்கதரிசி எலியா முதல் அடையைத் தனக்குக் கேட்டார். அவளும் மகனும் சாப்பிட்டு மிஞ்சியதை அவர் கேட்கவில்லை. முதலில் எடுப்பது வேறு, மிச்சத்தைக் கொடுப்பது வேறு. திரும்பவும் சொல்கிறேன், களைவதற்கு முன்!

ஒரு பிடி ஏறக்குறைய நாற்பது, ஐம்பது கிராம் வரும். இரண்டு வேளைக்கு, முப்பது நாளுக்கு, ஏறக்குறைய இரண்டரை கிலோ. நாற்பது வீடுகள் சேர்ந்தால் நூறு கிலோ! ஒரு வேளைக்கு ஒரு கவளந்தானே குறைந்தது?

இந்தப் பழக்கம் கெட்டுப்போவது எங்கே? மாதக் கடைசியில் கடையில் இரண்டு கிலோ வாங்கி ஈடுகட்டுகிறோம். பணம் சரியாகிவிடும், பழக்கம் போய்விடும். மறந்த வேளையை விட்டுவிடுங்கள், அடுத்த வேளையிலிருந்து எடுங்கள். ஈரக்கையால் எடுத்தால் அரிசி கட்டிதட்டும். இரண்டு மாதம் கிடந்தால் வண்டு விழும். அதனால் மாதந்தோறும் கொடுத்துவிடுங்கள். சபையில் சேர்க்கும்போது புழுங்கலையும் பச்சரிசியையும் ஒரே சாக்கில் கொட்டாதீர்கள். வேகும் நேரம் வேறு என்பதால் வாங்குகிறவர்கள் விலையைக் குறைப்பார்கள். எல்லார் முன்பாகவும் நிறுத்து நோட்டில் எழுதுங்கள்.

இன்னொன்று, பிள்ளைகளின் பங்கிலோ, நோயாளி, கர்ப்பிணி பங்கிலோ கை வைக்க வேண்டாம். பெரியவர்கள் தங்கள் பங்கில்தான் குறைக்க வேண்டும். அரிசிக்கே கடன் வாங்கும் வீடு இந்த மாதம் கொடுக்கிற வீடு அல்ல, சபையிடமிருந்து பெறுகிற வீடு.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. சுருக்கமாக ஒன்று: சாம்பல் புதனிலிருந்து ஞாயிறுகளை நீக்கி நாற்பது நாள். விடுதியில் இருப்பவர்கள், சமைக்காதவர்கள், அன்றாடம் ஒரு தேநீரை விட்டு அந்தக் காசை அப்போதே உண்டியலில் போடுங்கள். மாலைவரை சட்டைப்பையில் வைக்க வேண்டாம், செலவாகிவிடும். நன்றி, வணக்கம்.