மண்டபத்திலிருந்து பாய்ந்த அன்று

வணக்கம். இந்த நேரத்தில் ரேடியோவைப் போட்டிருப்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் முழுப்பரீட்சை முடிந்து பிள்ளைகள் லீவில் இருப்பார்கள். அதில் சில பையன்கள் இப்போதே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்கோ கிணற்றுக்கோ கிளம்பியிருப்பார்கள். என்னைக் கூப்பிட்டவர்கள் தன்னம்பிக்கையைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். சரி என்றுதான் சொன்னேன். ஆனால் அதற்கு முன்னால் கழுத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

2004 மே மாதம். எனக்கு 19 வயது, பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. படித்துறைக்கு எதிரே ஆற்றுக்குள் ஒரு கல்மண்டபம் உண்டு, நடக்கத் தெரிந்த வயதிலிருந்து நாங்கள் ஏறி விளையாடிய மண்டபம் அது. அதன் மேல்தளத்திலிருந்து பல தடவை குதித்திருக்கிறேன். அன்றைக்கு மேலே ஏறக்கூட இல்லை, கீழ் விளிம்பிலிருந்துதான் பாய்ந்தேன், தண்ணீருக்கும் எனக்கும் மூன்றடி உயரம்கூடச் சரியாக இருந்திருக்காது. முந்தின நாள் அதே இடத்தில் ஆள் மூழ்கும் ஆழம். ராத்திரியில் மேலே தண்ணீரைக் குறைத்திருக்கிறார்கள், அது எங்களுக்குத் தெரியாது. காலையில் எருமைகளைக் குளிப்பாட்டியதால் தண்ணீர் வேறு கலங்கிக் கிடந்தது. தரை தெரியவில்லை. தெரியாததைப் பற்றி யாரும் யோசிக்கவும் இல்லை, அது எங்கள் ஆறு அல்லவா.

தலை மோதியது பாறையில் இல்லை, மணலில்தான். இதைச் சொன்னால் இன்றைக்கும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். மண்டைக்குள்ளேயே 'நொடுக்'கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், வலிகூட இல்லை. கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். மஞ்சள் கலங்கலில் என் முகத்துக்கு முன்னால் இரண்டு கைகள் மிதந்து வந்தன. யாருடைய கை என்று பார்த்தேன், இடது மணிக்கட்டில் கோவில் கயிறு இருந்தது. என் கைதான். அதை இழுக்க நினைக்கிறேன், வரவில்லை. வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். கரையில் நின்ற கூட்டாளிகள் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள், ஏனென்றால் பிணம் மாதிரி மிதப்பது எங்களுடைய பழைய விளையாட்டு.

கழுத்தில் ஏழு எலும்புகள் அடுக்கி வைத்ததுபோல இருக்கின்றன. அதற்குள்ளே சுண்டுவிரல் பருமனில் தண்டுவடம் இறங்குகிறது. கையை நீட்டு, காலை மடக்கு, முள் குத்துகிறது என்று மூளைக்கும் உடம்புக்கும் நடக்கிற பேச்செல்லாம் அதன் வழியாகத்தான். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற உடம்பு தண்ணீரைத் தொடும்போது மணிக்குக் கிட்டத்தட்ட 16 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும், ஒரு பையன் சைக்கிளை மிதிக்கிற வேகம். தலை மணலில் குத்தி நின்றுவிடுகிறது, பின்னால் வருகிற உடம்பு நிற்பதில்லை, மொத்தக் கனமும் வந்து கழுத்தில் இறங்குகிறது. இந்த மாதிரி விபத்தில் பெரும்பாலும் நொறுங்குவது ஐந்தாவது, ஆறாவது எலும்புகள்தான். எனக்கும் அதேதான். இன்னும் இரண்டு எலும்பு மேலே உடைந்திருந்தால் மூச்சு விடவே மெஷின் வேண்டியிருந்திருக்கும். வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை, அதனால்தான் பார்க்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று புரிவதே இல்லை.

நான் உயிரோடு இருப்பதற்குக் காரணம், அன்று படித்துறையில் துணி அலசிக்கொண்டிருந்த ஒரு அண்ணாச்சி. பட்டாளத்திலிருந்து வந்தவர். என் கூட்டாளி ஒருவன் ஓடிவந்து என் முடியைப் பிடித்துத் தூக்கப் போனான். அவர் அங்கிருந்தே கத்தினார்: "ஏலே, தலையத் தூக்காத! அப்படியே புடில, ஆட்டாத!" தண்ணீரிலேயே என்னை மெதுவாக மல்லாக்கப் புரட்டச் சொன்னார், தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே கோட்டில் இருக்கிற மாதிரி. என்னைக் கரைக்கு இழுக்கவில்லை, மிதக்கவிட்டே வைத்திருந்தார்கள். ஒருவன் ஓடிப்போய் டீக்கடை பெஞ்சைத் தூக்கிவந்தான், அதைத் தண்ணீருக்குள்ளேயே எனக்கு அடியில் செருகினார்கள், அப்புறம்தான் தூக்கினார்கள். 2008-ல்தான் தமிழ்நாட்டுக்கு 108 வந்தது, அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்தது செங்கல் ஏற்றுகிற ஒரு டெம்போ. அண்ணாச்சி இரண்டு துண்டுகளைச் சுருட்டி என் காதுகளுக்கு இரண்டு பக்கமும் அண்டக்கொடுத்து, முழங்கால் போட்டு உட்கார்ந்து, வழி முழுக்க என் தலையைத் தன் கைகளுக்கு நடுவிலேயே வைத்திருந்தார். முக்கால் மணி நேரம். பள்ளத்தில் டெம்போ இறங்கும்போதெல்லாம் அவருடைய விரல்கள் இறுகுவது என் கன்னத்தில் தெரிந்தது. கழுத்துக்குக் கீழே எதுவும் தெரியாத எனக்கு அந்த விரல்கள் தெரிந்தன. அவர் இப்போது இல்லை.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் அடிபட்டவனைக் கண்டால் நாலு பேர் ஓடிவருவார்கள், அந்த மனசு பெரிய மனசு, ஆனால் ஓடிவந்ததும் ஒருவன் கக்கத்தில் கைகொடுப்பான், ஒருவன் காலைப் பிடிப்பான், மூட்டை மாதிரி மடக்கி ஆட்டோவில் திணிப்பார்கள், உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். எலும்பு உடைந்திருந்தாலும் தண்டுவடம் பாதி தப்பியிருக்கலாம். அந்தப் பாதியும் ஆட்டோவில் மடக்கும்போது போய்விடலாம். தண்ணீரில் பாய்ந்தவன் கை மரத்துப்போச்சு, கால் அசையவில்லை, கழுத்து வலிக்கிறது என்று சொன்னாலோ, மயங்கிக் கிடந்தாலோ, முகத்தைத் தண்ணீருக்கு மேலே வையுங்கள், மூச்சு வருகிறதா பாருங்கள், மூச்சு இல்லையென்றால் மூச்சு கொடுப்பதுதான் முதல் வேலை. மூச்சு இருந்தால் தலையை ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், பலகை வரும்வரை மடக்காதீர்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் மண்டையின் இரண்டு பக்கமும் இடுக்கி மாட்டி எடை தொங்கவிட்டார்கள். அப்புறம் ஆபரேஷன், அது நன்றாகவே நடந்தது. ஆனால் என்னைச் சாகடிக்கப் பார்த்தது கழுத்து இல்லை. பதினெட்டாம் நாள் அம்மா விரிப்பை மாற்றும்போது ஒரு வாடை வந்திருக்கிறது. திருப்பிப் பார்த்தால் இடுப்புக்குக் கீழே, வால் எலும்புக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்குப் புண். எனக்கு அது இருப்பதே தெரியாது. அத்தனை நாளும் ஒருவரும் என்னைத் திருப்பிப் படுக்க வைக்கவில்லை, திருப்ப வேண்டும் என்று வீட்டாருக்கும் சொல்லவில்லை. அந்தப் புண் ஆற ஏழு மாதம் ஆனது, அதில் இரண்டு தடவை காய்ச்சல் வந்து பிழைக்க மாட்டேன் என்று சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

தண்டுவடம் அறுந்தவனுக்கு மருத்துவம் இல்லை என்று எகிப்தில் பாப்பிரஸ் தாளில் எழுதி வைத்த காலம் ஒன்று உண்டு. அதற்கப்புறம் ஆயிரக்கணக்கான வருடங்கள் அதேதான் நிலைமை, அடிபட்டவர்களில் ரொம்பப் பேர் படுக்கைப்புண்ணிலும் மூத்திரக் கிருமியிலும் செத்தார்கள். 1944-ல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற ஆஸ்பத்திரிக்கு லுட்விக் குட்மன் என்கிற டாக்டர் வந்தார். ஹிட்லருக்குத் தப்பி வந்த யூதர். அடிபட்ட சிப்பாய்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரி பகல் பார்க்காமல் திருப்பிப் படுக்க வைத்தார், நர்ஸ்கள் தூங்குகிறார்களா என்று நடுராத்திரியில் வந்து பார்ப்பாராம். பிழைத்தவர்களை அம்பு விடச் சொன்னார், 1948-ல் அவர் நடத்திய அந்தப் போட்டியில் 16 பேர் கலந்துகொண்டார்கள், இன்றைய பாராலிம்பிக்ஸ் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

என் அம்மாவுக்குக் குட்மனைத் தெரியாது. புண்ணுக்கு மருந்து கட்ட வந்த ஒரு நர்ஸ் அக்கா இரண்டு மணிக் கணக்கைச் சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் கடிகாரம் ஓடவில்லை, ரேடியோ இருந்தது. ஏழேகால் டெல்லிச் செய்தி முடிந்ததும் இடது பக்கம். அப்புறம் எந்த நிகழ்ச்சி ஒன்பதேகாலுக்கு வருகிறதோ அது மல்லாக்க. அதற்கடுத்தது வலது பக்கம். ராத்திரிக்கு மாமா ஒரு அலாரம் டைம்பீஸ் வாங்கிக் கொடுத்தார். பதினோரு மணி, ஒரு மணி, மூன்று மணி, ஐந்து மணி. அம்மா, அண்ணன், மதினி மூன்று பேரும் முறை வைத்துக்கொண்டு எழுந்தார்கள், ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. இன்றைக்கு இதே நிலையத்திலிருந்து நான் பேசுகிறேன் என்று சொன்னதும் அம்மா கேட்டது, எத்தனை மணிக்கு என்றுதான்.

இனி சொல்வது சிலருக்குக் கூச்சமாக இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள், யாரும் பேசாததால்தான் ஆட்கள் சாகிறார்கள். எனக்கு மூத்திரம் வருவது தெரியாது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சுத்தமான மெல்லிய டியூபை உள்ளே விட்டு எடுத்துவிட வேண்டும். வருடக்கணக்கில் ஒரே டியூபை நிரந்தரமாக மாட்டி வைப்பதைவிடக் கிருமித் தொல்லை இதில் குறைவு. நான் ஆரம்பத்தில் நிரந்தரமாகத்தான் மாட்டியிருந்தேன். ஒரு ராத்திரி திடீரென்று தலை வெடித்துவிடும்போல வலி, முகமெல்லாம் வேர்வை, முடி சிலிர்த்து நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பிரஷர் என்று சொல்லி ஒரு மாத்திரையை நீட்டினார். மதினிதான் போர்வையை விலக்கிப் பார்த்தாள், டியூப் தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. எடுத்துவிட்டாள், பத்து நிமிடத்தில் வலி இறங்கியது. நடுமார்புக்கு மேலே தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு இப்படி வரும், மூத்திரம் நிறைந்தாலோ மலம் கட்டினாலோ உடம்பு வேறு மாதிரி கத்தத் தெரியாமல் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும், மூளையில் ரத்தம் கசிகிற அளவுக்குப் போகலாம். நிமிர்த்தி உட்கார வையுங்கள், இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள், டியூபைப் பாருங்கள். தணியவில்லையென்றால் உடனே ஆஸ்பத்திரி. பல டாக்டர்களுக்கேகூட இதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

கை விஷயம் ஒன்று. என் விரல்கள் தானாக மடங்காது, ஆனால் மணிக்கட்டை மேலே தூக்க முடியும். சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம் பாசத்தோடு எண்ணெய் போட்டு ஒவ்வொரு விரலையும் நீட்டி நீட்டி நீவிவிடுவார்கள். ஒரு பிசியோதெரபிஸ்ட் அதைப் பார்த்துவிட்டு, இனிமேல் மணிக்கட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு விரலை நீட்டிவிடாதீர்கள், அந்த இறுக்கம் இவருக்கு வேண்டும் என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. படுக்கையில் ஒரு தீப்பெட்டியை வைத்தார். கையைத் தளர்வாகத் தொங்கவிட்டுப் பெட்டிக்கு மேலே கொண்டுபோகச் சொன்னார், விரல்கள் விரிந்தன. இப்போது மணிக்கட்டை மட்டும் தூக்குங்கள் என்றார். தூக்கினேன். விரல்களின் தசைநார்கள் தானாக இழுபட்டு, கட்டைவிரல் நகர்ந்து வந்து ஆட்காட்டி விரலைத் தொட்டது, நடுவில் தீப்பெட்டி. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு என் கையால் நான் எடுத்த முதல் பொருள். உள்ளே குச்சிகள் ஆடும் சத்தம் கேட்டது.

காசு போன கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வர்மம், கிழி, எண்ணெய், அப்புறம் ஸ்டெம்செல் ஊசி என்று ஒரு இடம். அப்பாவின் வயலில் பாதி போனது, ஒரு விரல்கூடக் கூடுதலாக அசையவில்லை. தண்டுவடக் காயத்துக்கு அந்த ஊசி நம் நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை, ஆராய்ச்சிக்காகத் தரலாம், அப்படித் தரும்போது நோயாளியிடம் காசு வாங்கக்கூடாது. லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் பணத்தில் நல்ல காற்று மெத்தை, உங்கள் அளவுக்குச் செய்த சக்கர நாற்காலி, அகலமான கழிப்பறைக் கதவு மூன்றும் வாங்கலாம்.

மூன்று வருடம் நான் அறையை விட்டு வரவில்லை. எங்கள் பக்கத்து ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய ராமகிருஷ்ணன் அவர்களைப் பற்றி மாமா அடிக்கடி சொல்வார். 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர், 1981-ல் அந்த அமைப்பை ஆரம்பித்தார். அப்போது எனக்குக் காதில் ஏறவில்லை. திருவண்ணாமலையில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்காக 'சோல்ஃப்ரீ' என்ற அமைப்பை நடத்துகிற ப்ரீத்தி ஸ்ரீனிவாசனைப் பற்றிப் படித்தபோதுதான் எழுந்து உட்கார வேண்டும் என்று தோன்றியது. தமிழ்நாட்டு 19 வயதுக்குட்பட்டோர் பெண்கள் கிரிக்கெட் அணிக்குக் கேப்டன், நீச்சல் வீராங்கனை, 1998-ல் புதுச்சேரிக் கடலில், இடுப்பளவுத் தண்ணீரில், அலை காலடி மணலை அரிக்க, தடுமாறித் தண்ணீருக்குள் பாய்ந்தார், அவ்வளவுதான். நீச்சல் தெரிந்தவருக்குத்தான் பாயத் தோன்றும். எனக்கும் அப்படித்தான்.

இப்போது வீட்டு முன்னறையில் இ-சேவை வேலை பார்க்கிறேன். செருப்புத் தைக்கிற தாத்தா ஒரு தோல்வார் செய்து கொடுத்தார், அதை உள்ளங்கையில் மாட்டி, அதில் ஒரு குச்சியைச் செருகித்தான் டைப் அடிக்கிறேன். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் மாதாந்திரப் பராமரிப்புத் தொகைக்கும் என் கையால் விண்ணப்பம் போட்டவர்கள் பக்கத்து ஊர்களில் நிறையப் பேர். கோடையில் மட்டும் கஷ்டம், அடிபட்ட இடத்துக்குக் கீழே எனக்கு வேர்க்காது, உடம்புச் சூடு இறங்காது, ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் உட்காருவேன்.

வெயில் தாழ்ந்ததும் படித்துறைக்குப் போவேன். ஆற்றின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அண்ணன் மகன் ஒரு நீள மூங்கிலில் அடி அடியாகச் சிவப்புப் பெயின்ட் கோடு போட்டு வைத்திருக்கிறான், அது மண்டபத் தூணில் சாய்ந்தே நிற்கும். குளிக்க வருகிற பையன்கள் முதலில் அதை ஊன்றிப் பார்த்துவிட்டு எத்தனை கோடு நனைந்தது என்று என்னிடம் கத்திச் சொல்ல வேண்டும், அது எங்களுக்குள் ஒப்பந்தம். தலை முன்னால் பாய்வதற்கு ஒன்பது அடியாவது வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன், அந்த ஆழம் அங்கே வருவதே இல்லை, அதனால் எல்லோரும் கால் வைத்துத்தான் இறங்குகிறார்கள். நேற்று சாயங்காலம் சத்தம் போட்டுச் சொன்னான் ஒருவன்: "சித்தப்பா, மூணு கோடுகூட இல்ல!"