உசிலம்பட்டி: சிங்கம் ஜெயித்ததும் சிங்கத்துக்கு இடம் ஒதுக்கியதும்

[திரையில்: மதுரை - தேனி சாலை. செக்கானூரணி தாண்டிய பிறகு இருபுறமும் மானாவாரி நிலம், தூரத்தில் மலை]

வணக்கம். மதுரையிலிருந்து தேனி பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும், உசிலம்பட்டி வந்துவிடும். உசில மரங்கள் நின்ற ஊர் என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். சட்டமன்றத் தொகுதி எண் 197. மாவட்டம் மதுரை. ஆனால் எம்.பி.க்கு ஓட்டுப் போடும்போது மட்டும் இந்த மக்கள் தேனித் தொகுதியில் இருப்பார்கள். கலெக்டர் கிழக்கே, எம்.பி. மேற்கே.

இந்தத் தொகுதியைப் பற்றி ஏன் ஒரு வீடியோ? ஒரு கணக்குச் சொல்கிறேன். 1957 முதல் 2021 வரை இங்கே 15 பொதுத்தேர்தல்கள் நடந்திருக்கின்றன. காங்கிரஸ் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. காமராஜர் முதல்வராக இருந்தபோதும் இல்லை. திமுக வேட்பாளர் ஜெயித்தது ஒரே ஒருமுறை. அதிமுக நான்கு முறை. மீதியில் பெரும்பகுதி, மேற்கு வங்கத்துக்கு வெளியே பலரும் கேள்விப்பட்டிராத ஒரு கட்சிக்குப் போயிருக்கிறது: ஃபார்வர்டு பிளாக். சின்னம் சிங்கம்.

[திரையில்: 1939 என்ற எழுத்து. பழைய மதுரை ரயில் நிலையம்]

சுபாஷ் சந்திர போஸ் காங்கிரஸ் தலைவர் பதவியை விட்டுவிட்டு 1939இல் தொடங்கிய கட்சி அது. அதே வருடம் செப்டம்பரில் அவர் மதுரைக்கு வந்தார். கூட்டிவந்து கூட்டம் நடத்தியவர் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர். சரி, கல்கத்தாவில் பிறந்த கட்சி உசிலம்பட்டியில் எப்படி வேர் பிடித்தது? போஸின் பெயர் மட்டும் காரணமில்லை. அதற்கு இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இந்த வட்டாரத்தில் பிரமலைக் கள்ளர் சமூகம் பெரும்பான்மை. வெள்ளைக்காரன் காலத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் இவர்கள் மேல் பாய்ந்தது. ஊர்க்காரர்கள் பேச்சில் அது ‘ரேகைச் சட்டம்’. குற்றம் செய்தாயா என்ற கேள்வியே கிடையாது. அந்தச் சாதியில் பிறந்திருந்தால் கைரேகை வைக்க வேண்டும், வெளியூர் போக அனுமதி வாங்க வேண்டும். ரேகை வைக்க மாட்டோம் என்று மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள், அதில் ஒருவர் பெண். அந்தச் சட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போய்ப் பேசியவர்களில் முன்னால் நின்றவர் முத்துராமலிங்கத் தேவர். 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தானது. அப்புறம் பத்து வருடத்தில் வந்த தேர்தலில் இந்த ஊர் யார் பக்கம் நிற்கும் என்று கேட்கவே தேவையில்லை.

[திரையில்: மதுரை அரசரடி. பி.கே. மூக்கையாத்தேவர் சிலை]

இந்தச் சிலையைப் பார்த்துக்கொண்டே தினமும் போகிற மதுரைக்காரர்களில் பாதிப் பேருக்கு இவர் யாரென்று தெரியாது என்பது என் சந்தேகம். பி.கே. மூக்கையாத்தேவர். 1923 ஏப்ரல் 4இல் பிறந்தவர், ஊர் உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டி. 1952இல் பெரியகுளத்திலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார். 1957இல் உசிலம்பட்டிக்கு வந்தார். 1957, 1962, 1967, 1971, 1977. ஐந்து தேர்தல், ஐந்திலும் வெற்றி. 1957இல் மட்டும் பதிவேட்டில் சுயேச்சை என்று இருக்கும், ஊருக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது.

இந்த இருபது வருடத்தில் தமிழ்நாடு எப்படியெல்லாம் மாறியது என்று யோசித்துப் பாருங்கள். காமராஜர், பக்தவத்சலம், அண்ணா, கலைஞர், எம்.ஜி.ஆர். என்று முதல்வர்கள் மாறினார்கள். 1967இல் காங்கிரஸ் கோட்டையே சரிந்தது. 1977இல் அதிமுக முதல்முறையாக ஆட்சிக்கு வந்தது. உசிலம்பட்டியில் மட்டும் எம்.எல்.ஏ. பெயர் மாறவில்லை. 1967இல் அண்ணா ஆட்சி அமைத்தபோது புதிய உறுப்பினர்களுக்குப் பதவிப்பிரமாணம் செய்துவைக்கத் தற்காலிக சபாநாயகராக உட்கார்ந்தவரும் இவர்தான். 1963இல் முத்துராமலிங்கத் தேவர் மறைந்த பிறகு தமிழ்நாட்டில் கட்சியைத் தாங்கியவரும் இவரே.

1971இல் இன்னொரு கதை. சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் ஒன்றாகத் தேர்தல் வந்தது. மூக்கையாத்தேவர் உசிலம்பட்டியிலும் ஜெயித்தார், ராமநாதபுரம் மக்களவைத் தொகுதியிலும் ஜெயித்து டெல்லிக்குப் போனார். 1974 ஜூலையில் கச்சத்தீவு ஒப்பந்தம் மக்களவைக்கு வந்தபோது எழுந்து எதிர்த்துப் பேசியவர்களில் அவர் ஒருவர். கச்சத்தீவு அவருடைய தொகுதிக்குள் இருந்த தீவு. இன்றைக்கு மேடைக்கு மேடை கச்சத்தீவு பேசுகிறார்கள். அன்றைக்கு அந்தத் தொகுதியின் எம்.பி. யார் என்று கேட்டால் எத்தனை பேர் சரியாகச் சொல்வார்கள்?

கல்லூரியையும் சொல்லிவிட வேண்டும். உசிலம்பட்டி, கமுதி, மேலநீலிதநல்லூர் என்று மூன்று ஊர்களில் முத்துராமலிங்கத் தேவர் பெயரில் கல்லூரிகள் வந்ததில் இவர் உழைப்பு பெரிது. ரேகை வைத்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் பட்டம் வாங்கியது அங்கேதான்.

1979 செப்டம்பர் 6, மூக்கையாத்தேவர் காலமானார். வயது 56.

[திரையில்: தேர்தல் ஆண்டுகள் வரிசையாக வருகின்றன. 1980இல் நிற்கிறது]

இங்கேதான் கதை திரும்புகிறது. அதுவரை மக்கள் ஓட்டுப் போட்டது சிங்கத்துக்கா, மூக்கையாத்தேவருக்கா? 1980இல் ஃபார்வர்டு பிளாக்கின் ஆண்டித்தேவர் ஜெயித்தார், சிங்கத்துக்குத்தான் என்று தோன்றியது. 1984 வந்ததும் அந்தப் பதில் ஆடிப்போனது.

1984 எப்படிப்பட்ட தேர்தல் என்று பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இந்திரா காந்தி சுடப்பட்டு இறந்திருந்தார். எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். உசிலம்பட்டிக்கு மேற்கே கணவாயைத் தாண்டினால் ஆண்டிபட்டி. ஊருக்கே வராத எம்.ஜி.ஆரை அந்தத் தொகுதி அள்ளி ஜெயிக்க வைத்தது. கணவாய்க்கு இந்தப் பக்கம்? பி.கே.எம். முத்துராமலிங்கம், சுயேச்சை. அலை மலையைத் தாண்டி வரவில்லை.

1989இல் அதிமுக ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று உடைந்து கிடந்தபோது திமுகவின் பி.என். வல்லரசு ஜெயித்தார். முதலில் சொன்னேனே ஒரே ஒருமுறை என்று, அது இதுதான். 1991இல் அதிமுகவின் பாண்டியம்மாள். 80களின் நடுவில் பெண்சிசுக்கொலைச் செய்திகளால் நாடு முழுவதும் கெட்ட பெயர் வாங்கிய ஊர், சில வருடம் கழித்து ஒரு பெண்ணை எம்.எல்.ஏ. ஆக்கியது. இதை வைத்து ஊர் திருந்திவிட்டது என்று சொல்ல வரவில்லை, அந்த வருடம் ஜெயலலிதா அலை. ஆனாலும் உசிலம்பட்டி என்றாலே அந்தச் செய்தியை மட்டும் எடுத்துவைக்கிறவர்கள் இதையும் பக்கத்தில் வைக்கலாம்.

1996இலிருந்து பாருங்கள், வேறு மாதிரி இருக்கும். அந்த வருடம் திமுக கூட்டணியில் ஃபார்வர்டு பிளாக்குக்கு இடம் கிடைத்தது, அதே வல்லரசு இந்தமுறை அந்தக் கட்சியின் பெயரில் ஜெயித்தார். 2001இல் கட்சி அதிமுக கூட்டணியில், எல். சந்தானம் ஜெயித்தார். 2011இல் மறுபடி அதிமுக கூட்டணி, பி.வி. கதிரவன் ஜெயித்தார். அதாவது சிங்கம் ஜெயிக்கிறது, ஆனால் ஒரு பெரிய கட்சியின் தோளில் உட்கார்ந்திருக்கும்போது. தொகுதிப் பங்கீட்டுப் பேச்சில் ‘அவங்களுக்கு உசிலம்பட்டி’ என்று ஒரு வரியில் முடிந்துபோகிற விஷயமாகிவிட்டது. மூக்கையாத்தேவர் காலத்தில் கூட்டணி அவரைத் தேடி வந்தது. 1971இல் திமுக கூட்டணியில் ஃபார்வர்டு பிளாக் 7 இடம் ஜெயித்தது என்றால் இன்றைக்கு நம்ப மாட்டார்கள்.

நடுவில் 2006. நடிகர் கார்த்திக் தமிழ்நாட்டில் கட்சித் தலைமைக்கு வந்தார், தனியாக நின்றார்கள். கூட்டம் நல்ல கூட்டம். ஜெயித்த இடம் ஒன்றுமில்லை. உசிலம்பட்டி அதிமுகவின் ஐ. மகேந்திரனுக்குப் போனது.

[திரையில்: 58 கிராமக் கால்வாய். வறண்ட வாய்க்கால், மேலே தொட்டிப் பாலம்]

ஆட்கள் மாறினாலும் வாக்குறுதி மாறவில்லை. வைகை அணைத் தண்ணீரை உசிலம்பட்டிப் பக்கத்துக் கண்மாய்களுக்குக் கொண்டுவரும் 58 கிராமக் கால்வாய். எந்தக் கட்சி நோட்டீஸை எடுத்தாலும் இது இருக்கும். சோதனை ஓட்டமாகத் தண்ணீர் வந்தது 2018இல். அதிலும் சிக்கல் உண்டு. வைகை அணையில் 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம், அது கிட்டத்தட்ட நிரம்பினால்தான் இந்தக் கால்வாய்க்குத் தண்ணீர் ஏறும். அணை நிரம்பாத வருடம் கால்வாயில் ஆடு மேயும்.

2008இல் எல்லை மாற்றினார்கள். பக்கத்தில் இருந்த சேடபட்டித் தொகுதியே வரைபடத்திலிருந்து போய்விட்டது, எழுமலைப் பக்கம் உசிலம்பட்டியோடு சேர்ந்தது. ஆக 2011க்கு முந்தைய உசிலம்பட்டியும் பிந்தைய உசிலம்பட்டியும் ஒரே நிலம் இல்லை. பழைய ஓட்டு எண்ணிக்கையோடு புதியதை ஒப்பிடும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

2016இல் அதிமுகவின் நீதிபதி. அது அவர் பெயர், பதவி இல்லை. 2021இல் அதிமுகவின் பி. அய்யப்பன். எதிரே திமுக கூட்டணியில் கதிரவன். வித்தியாசம் 7,500 ஓட்டுக்கும் குறைவு. மூன்றாவதாக வந்தது யார் தெரியுமா? 2006இல் ஜெயித்த அதே மகேந்திரன், அந்தமுறை டி.டி.வி. தினகரனின் அமமுகவில். 50,000க்கு மேல் வாங்கினார்.

[திரையில்: பாப்பாபட்டி ஊராட்சி அலுவலகம்]

கடைசியாக ஒரு ஊர். சட்டமன்றத் தேர்தல் என்றால் வரிசையில் நின்று ஓட்டுப் போட்ட இதே வட்டாரத்தில், பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் மட்டும் 1996 முதல் பத்து வருடம் தலைவர் பதவி நிலைக்கவில்லை. காரணம், அந்தப் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஒன்று மனுத்தாக்கல் நடக்காது, இல்லையென்றால் ஜெயித்தவர் உடனே ராஜினாமா. சாதியின் பெயரால் ரேகை வைக்க வைத்தார்கள் என்று தலைமுறைக்கும் சொல்லிவந்த பகுதியில் இது நடந்தது. எனக்கு இன்றும் தொண்டையில் நிற்கிற இடம் இது. 2006 அக்டோபரில்தான் முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியேற்றார்கள்.

2021 அக்டோபர் 2, முதல்வர் ஸ்டாலின் கிராமசபைக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தது அந்தப் பாப்பாபட்டியில். மூக்கையாத்தேவர் பிறந்த ஊர். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஸ்டாலினின் கூட்டணியைத் தோற்கடித்த தொகுதி.

[திரை இருள்கிறது]